தொண்ணூற்று நான்காம் நாள் மதியம்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று எங்கள் கிளினிக்கில் சொல்லிக்கொள்வார்கள். சொல்லட்டும். பத்தொன்பது வருடமாக ஒரு முழ அகல ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, குடியை விட வருகிறவர்களுக்கு அட்டை எழுதுகிறவளுக்குக் கோபம் வேறு எங்கே இருக்கும்? என் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது. அட்டையக்கா என்பார்கள். டாக்டர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார், என்னைவிடப் பத்து வயது மூத்தவர்.

எங்கள் கிளினிக்கில் படுக்கை கிடையாது. முன்னால் ஒரு கூடம், பின்னால் இரண்டு அறைகள், ஓரமாக ஒரு மாத்திரை அலமாரி, அவ்வளவுதான். குடியை விட வேண்டுமென்றால் எங்கேயோ போய் மாதக்கணக்கில் படுக்க வேண்டும், பெருந்தொகை கட்ட வேண்டும் என்று பயந்தே காலத்தைக் கடத்துகிறவர்கள் உண்டு. அவர்களுக்காக வைத்த இடம் இது. காலையில் வா, மாத்திரை போடு, வேலைக்குப் போ. கட்டணம் ஒரு டீயும் பன்னும் சாப்பிடுகிற அளவுதான். அதுவும் இல்லையென்று சொன்னவரைத் திருப்பி அனுப்பியதில்லை. நான் கொஞ்சம் முறைப்பேன்.

ஆறரைக்கே ஆட்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கூடத்துக் கிழக்கு ஜன்னல்களுக்குப் பால் நிறக் கண்ணாடி போட்டிருக்கிறது. அதன் வழியே வருகிற வெயில் வெயிலாகவே இருக்காது. மங்கலாக, சத்தமில்லாமல் தரையில் கிடக்கும். அந்த வெளிச்சத்துக்குள் பஸ் கண்டக்டர், ஹோட்டல் சமையல்காரர், காவல் வேலை முடித்து நேராக வந்த வாட்ச்மேன், கல்லூரியில் பாடம் நடத்துகிற புரொபசர் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். யாரும் பேச மாட்டார்கள். பாதிப் பேர் கண்ணை மூடியிருப்பார்கள். நான் இவர்களைக் கனவு காண்கிறேனா, இவர்கள் என்னைக் காண்கிறார்களா என்று சில நாள் எனக்கே குழம்பிப் போகும். பிறகு யாராவது இருமுவார்கள். நான் "அடுத்து" என்று கத்துவேன்.

இங்கே ஒரு வழக்கம் இருக்கிறது. எங்கள் நர்ஸ் ஏற்படுத்தியது. அவரை எல்லோரும் சிஸ்டர் என்போம். ஜன்னலுக்கு வருகிறவர் முந்தின நாளைப் பற்றித் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். ஒன்று "குடிக்கல", இல்லையென்றால் "குடிச்சேன்". குடிக்கல என்று சொன்னவர் பக்கத்திலுள்ள மெஷினில் ஊத வேண்டும். ஊதி, சரியென்று வந்தால் அட்டையில் அவருடைய நாள் எண்ணில் ஒன்றைக் கூட்டி எழுதுவேன். குடிச்சேன் என்று சொன்னவர் ஊத வேண்டியதில்லை. "தானா வந்து உண்மையச் சொன்ன ஆள மெஷின்ல ஊதச் சொல்றது, கன்னத்துல அறையற மாதிரி" என்பார் சிஸ்டர். அவருக்கு அட்டையில் பழைய எண்ணை அடித்துவிட்டு, திரும்ப ஒன்று என்று எழுதுவேன். திட்டக் கூடாது என்பதும் சட்டம். அந்தச் சட்டத்தை நான் அவ்வளவாக மதித்ததில்லை.

குடித்துவிட்டுக் குடிக்கல என்று சாதித்தவர்களை நான் மூட்டை மூட்டையாகப் பார்த்திருக்கிறேன். மெஷின் கத்தும்போதும் மெஷின் கெட்டுவிட்டது என்று என் காதில் பூச்சுற்றப் பார்த்தவர்கள் உண்டு. ஆனால் குடிச்சேன் என்று பொய் சொன்னவர் ஒருவரும் கிடையாது. அதற்கு என்ன பரிசோதனை வைப்பது? யாருக்கும் தோன்றவில்லை.

பெயின்டர் முதல்நாள் வந்தபோது குடியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஜன்னல் வழியே வலது கையை மட்டும் உள்ளே நீட்டினார். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. நகக்கண்களில் வெள்ளைப் பெயின்ட்.

"அக்கா, கை நடுக்கத்துக்கு இங்க மாத்திரை குடுக்கறாங்கன்னாங்க."

"யாரு சொன்னா?"

"கண்டக்டர்."

"கண்டக்டருக்கும் முதல்ல கைதான் நடுங்குச்சு. உள்ள போய் உக்காருங்க," என்றேன்.

அவருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பதில் இருபது வருடப் பழக்கம். ஒல்லியான, மெல்லப் பேசுகிற மனிதர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முகத்தைப் பார்க்காமல் முதலில் சுவரைப் பார்ப்பார். என் ஜன்னலுக்கு மேலே சுவரில் ஊறியிருந்த ஓதம் எனக்கே தெரியாது, அவர்தான் சொன்னார்.

அவருடைய தொழிலில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. சுவரும் மேல்தளமும் சந்திக்கிற இடத்தில் ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்கும் இல்லையா, அந்தக் கோட்டை மற்றவர்கள் டேப் ஒட்டித்தான் அடிப்பார்கள். இவர் ஏணிமேல் நின்று வெறும் பிரஷ்ஷால் இழுப்பார். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு கை நீளம், ஏணியை நகர்த்தி மறுபடி ஒரு கை நீளம். எங்கே விட்டார், எங்கே தொட்டார் என்று கண்டுபிடிக்க முடியாதாம். கண்டக்டர் சொன்னார்.

குடி மெதுவாகத்தான் உள்ளே வந்தது. நாளெல்லாம் பெயின்டில் கலக்குகிற டின்னர் வாடை தொண்டையிலேயே நிற்கும், அதை இறக்க வேலை முடிந்ததும் கொஞ்சம் ஊற்றிக்கொள்வது அந்தத் தொழிலில் சகஜம். பிறகு மதியமும் ஊற்றிக்கொண்டார். பிறகு, கை ஆடாமல் நிற்க வேண்டும் என்பதற்காகக் காலையில். கோடு நேராக வரவேண்டுமென்றால் முதலில் ஒரு டம்ளர் உள்ளே போகவேண்டும் என்று ஆகிப்போனது. அப்புறம் டம்ளர் போயும் கோடு நேராக வரவில்லை. ஒரு புது வீட்டில், வீட்டுக்கார அம்மா கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "என்னங்க, மலையா வரஞ்சிருக்கீங்க?" என்று சிரித்தாராம். இவரும் சிரித்துவிட்டு, துடைத்து, மூன்று தடவை அடித்துப் பார்த்தார். மூன்றும் மலைதான். மறுநாள் எங்களிடம் வந்தார்.

அதற்கு ஒரு மாதம் முன்பே அவர் மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தையல் வேலை தெரிந்தவள், யாரையும் எதிர்பார்க்கிறவள் இல்லை. சனிக்கிழமைதோறும் மதியம் எங்கள் கூடத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக் குடும்பக் கூட்டம் நடக்கும். முதல் சனிக்கிழமையே வந்தாள். அவர் நிஜமாகவே வருகிறாரா என்று பார்க்கத்தான் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

"ஒம்போது வருஷமா கேக்கறேன் சிஸ்டர்," என்றாள் அன்று. "குடிச்சீங்களான்னு கேட்டா, குடிக்கலம்பாரு. நிக்க முடியாம நின்னுகிட்டுச் சொல்லுவாரு."

பெயின்டர் தலையைக் குனிந்துகொண்டு ஒன்று சொன்னார். பல நாள் அது பொய்கூட இல்லையாம். குடித்ததே நினைவில் இருக்காதாம். துண்டு துண்டாக ஏதோ வரும், ஒரு கதவு, யாரோ ஒருவருடைய கை, அவ்வளவுதானாம்.

அவள் அதைக் கேட்டு இரக்கப்பட்டதாகத் தெரியவில்லை. "நூறு நாள்," என்றாள். "அட்டையில நூறு வரட்டும், பாப்பாவக் கூட்டிட்டு வீட்டுக்கு வர்றேன். ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வந்தா இங்கயே படிப்பா. இல்லன்னா எங்க அக்கா ஊர்லயே சேத்துடுவேன். அப்புறம் வருஷத்துக்கு நடுவுல புள்ளைய இழுத்தடிக்க மாட்டேன்."

கணக்குப் பார்த்தால் நூறாவது நாள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. பள்ளி திறப்பது வியாழக்கிழமை. இடையில் ஒரு நாள் சறுக்கினாலும் போச்சு. எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் இந்தக் கணக்குத் தெரியும். வாட்ச்மேன் தன் எண்ணைவிட இவர் எண்ணைத்தான் தினமும் எட்டிப் பார்ப்பார்.

முதல் இரண்டு வாரம் பெயின்டருக்குத் தூக்கமே இல்லை. மூன்றாவது வாரம் தூக்கம் வந்தது, கூட்டம் கூட்டமாகக் கனவுகளோடு வந்தது. காலையில் வந்து உட்காரும்போது பாதி அங்கேயே இருப்பார். ஒருநாள் என்னிடம் அட்டையை நீட்டிவிட்டு, "அக்கா, நீங்க நேத்து எங்க வீட்டு மொட்டை மாடியில உக்காந்து அட்டை எழுதினீங்களா?" என்று கேட்டார். நான் இல்லை என்றேன். "அதானே," என்று நகர்ந்துவிட்டார். குடியை விட்ட புதிதில் கனவுகள் எப்படியெல்லாம் வரும் என்பதைப் பற்றிச் சிஸ்டர் ஒரு வகுப்பு எடுப்பார். அந்த வகுப்பு முழுக்கப் பெயின்டர் சுவரில் சாய்ந்து தூங்கினார். நன்றாகத் தூங்குகிறாரே என்று யாரும் எழுப்பவில்லை.

முப்பதாவது நாள் வாக்கில் கை நின்றது. அறுபது நாள் தாண்டி ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரும் கேட்காமலே எங்கள் கூடத்துக்கு வெளிர் பச்சையில் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். டேப் இல்லாமல்தான். நான் அண்ணாந்து பார்த்துவிட்டு, "பரவாயில்ல," என்றேன். என் வாயிலிருந்து அதுவே பெரிது என்று அவருக்குத் தெரியும். இந்த மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். எனக்கு ஒரு தம்பி இருந்தான். இப்படி ஒரு கிளினிக் வருவதற்கு முன்பே குடித்துப் போய்ச் சேர்ந்தான். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு இஷ்டமில்லை.

தொண்ணூற்று நான்காம் நாள் புதன்கிழமை. காலையில் வந்தார், குடிக்கல என்றார், ஊதினார், 94 என்று எழுதிக்கொடுத்தேன். அந்த வாரம் சிஸ்டர் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தார். மதியத்துக்கு மேல் கூடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். மின்விசிறி மட்டும் சுற்றும். மூன்றேகால் மணிக்கு நான் கன்னத்தில் கையை வைத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்திருந்தேன். கண்ணைத் திறந்தால் ஜன்னலுக்கு வெளியே பெயின்டர் நிற்கிறார். முகமெல்லாம் வியர்வை, சட்டையெல்லாம் டின்னர் வாடை. எவ்வளவு நேரமாக நிற்கிறாரோ.

"அக்கா, குடிச்சிட்டேன்," என்றார்.

எனக்கு உடனே புரியவில்லை. "என்ன?"

"இப்பத்தான். மதியம். அட்டையில மாத்திடுங்க."

 அடுத்த நொடியே கோபம் தலைக்கேறியது. எங்கே, எப்படி, யாரோடு என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. உட்காருங்கள், தண்ணீர் குடியுங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை. அட்டையை வெடுக்கென்று வாங்கினேன். 94-ஐ அடித்தேன். பக்கத்தில் ஒன்று என்று, தாள் கிழியாத குறையாக அழுத்தி எழுதினேன்.

"இன்னும் ஆறே நாள். பொறுக்க முடியல இல்ல?" என்றேன். "எங்க எல்லாரையும் முட்டாளாக்கிட்டீங்க. அந்தப் பொண்ணு மூஞ்சில எப்படி முழிப்பீங்க?"

"தெரியலக்கா," என்றார். அட்டையை வாங்கிப் பார்த்தார். சரியாக எழுதியிருக்கிறேனா என்று பார்ப்பது போல இருந்தது. சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நூறுக்குக் கிட்டத்தில் விழுந்தவர்கள் பெரும்பாலும் வருவதில்லை. போனது போச்சு என்று மொத்தமாகப் போய்விடுவார்கள். ஆனால் வியாழக்கிழமை காலை ஆறரைக்கு வந்து உட்கார்ந்திருந்தார். குடிக்கல என்றார், ஊதினார். இரண்டு. வெள்ளிக்கிழமை மூன்று. நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. வாட்ச்மேன் எட்டிப் பார்த்துவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்தார்.

சனிக்கிழமை மதியம் அவள் வந்தாள். வந்ததும் வழக்கம்போல அவரிடமிருந்து அட்டையை வாங்கிப் பார்த்தாள். 97 இருக்க வேண்டிய இடத்தில் 4 இருந்தது. அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி முன்பக்கம் பார்த்தாள்.  நாற்காலியில் உட்கார்ந்து, கைப்பையைத் திறந்து நான்காக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தாள்.

"எங்க அக்கா ஊர் ஸ்கூல்ல சேக்கற பாரம். அப்பா கையெழுத்து வேணுமாம்," என்றாள். "போட்டுக் குடுங்க, நான் நாலு மணி பஸ்ஸுக்குப் போகணும்."

பெயின்டர் வாங்கிக்கொண்டார். அடியில் கையெழுத்துக்கான கோடு எங்கே இருக்கிறது என்று தேடினார். என்னிடம் வந்து பேனா கேட்டார். நான் கொடுத்தேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் கையை வெட்டிப் போடலாம் போலிருக்கிறது.

சிஸ்டர் அன்று காலைதான் திரும்பி வந்திருந்தார். "கொஞ்சம் இருங்க பெயின்டர்," என்றார். "கையெழுத்து எங்கயும் போகாது. விழுந்தவங்க எப்படி விழுந்தோம்னு இங்க சொல்லணும் இல்ல. மத்தவங்களுக்கும் அது ஒரு பாடம். சொல்லிட்டுப் போடுங்க."

அது எங்கள் கூட்டத்தின் வழக்கம்தான். அவர் காகிதத்தை மடிமேல் வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். மெல்லிய குரல், எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய வேண்டியிருந்தது.

"ஒரு பெரிய வீட்டு மாடி ரூம்ல வேலை. கதவுக்கு எனாமல் அடிச்சு முடிச்சோம். தூசி ஒட்டும்னு ஜன்னலெல்லாம் சாத்தியிருந்துச்சு. சாப்பிட்டுட்டுத் தரையில படுத்தேன். அப்புறம் எந்திரிச்சேன். எந்திரிச்சா, கதவு எடம் மாறியிருந்துச்சு."

"எடம் மாறியிருந்துச்சா?" என்றார் சிஸ்டர்.

"ஆமா. நான் காலைல அடிச்ச சுவத்துல இருந்துச்சு. சரி, மாத்தியிருக்காங்க போலன்னு தொறந்து வெளிய போனேன். படிக்கட்டு இல்ல, நேரா தெருவு. தெருவெல்லாம் ஈரமா இருந்துச்சு, ஆனா மழை இல்ல. ஒரு ஆள் கெடையாது. எல்லா வீடும் வெறும் பிரைமரோட வெள்ளையா நின்னுச்சு, கலரே அடிக்கல. யாரு இத்தன வீட்டையும் அப்படியே விட்டுட்டுப் போனாங்கன்னு நெனச்சுகிட்டே நடந்தேன். கால் வலிக்கவே இல்ல. அங்க ஒரு கடை. ஷட்டர் பாதி தூக்கியிருந்துச்சு, குனிஞ்சு உள்ள போனேன்."

நான் ஜன்னலுக்குப் பின்னால் எழுந்து நின்றுவிட்டேன். சிஸ்டர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"கடையில யாரு இருந்தா?" என்று கேட்டார்.

"எங்க அப்பா."

கண்டக்டர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சிஸ்டர் கையைக் காட்டி அடக்கினார்.

"செருப்புக் கடையில வேலை பாத்தாரு இல்ல, அந்த வெள்ளைச் சட்டை போட்டிருந்தாரு. என்னப் பாத்ததும் எத்தனாம் நம்பர்னு கேட்டாரு. நான் ஒம்போதுன்னேன். உள்ள போயி எடுத்துட்டு வந்தாரு. பெயின்ட் டப்பா மூடி இருக்கில்ல, அதுல ஊத்திக் குடுத்தாரு. வெள்ளையா இருந்துச்சு. கடிக்குதான்னு பாத்துச் சொல்லுன்னாரு. குடிச்சேன். கடிக்கல. நல்லா இருக்குப்பான்னேன். அவரு என் தோளத் தட்டினாரு. அப்புறம் பாத்தா நான் மாடி ரூம்லயே கெடக்கறேன். வாயெல்லாம் ருசி. தலை கனக்குது. மணி மூணு."

 முதலில் பேசியது அவர் மனைவிதான்.

"மாமாவா ஊத்திக் குடுத்தாரு?"

"ஆமா."

"மாமா குடிக்கறவங்க வீட்டுல பச்சத் தண்ணி வாங்க மாட்டாரு."

"அன்னிக்குக் குடுத்தாரு."

"அவரு போயிப் பதினோரு வருஷம் ஆச்சுங்க."

பெயின்டர் அவளைப் பார்த்தார்.  "தெரியும்," என்றார். "ஆனா குடுத்தாரே."

கண்டக்டரால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "பெயின்டரே, அது கனவுய்யா," என்றார். "சாத்தின ரூம்ல எனாமல் வாடையில படுத்தா தலை கனக்காதா? எனக்கு வராத கனவா? நான் பஸ்ஸயே ஓட்டிட்டுப் போயி கடை வாசல்ல நிறுத்தியிருக்கேன். எல்லாரும் எறங்கிக் குடிச்சோம். செக்கிங் இன்ஸ்பெக்டரும் குடிச்சாரு."

புரொபசர் தனக்கும் வந்திருக்கிறது என்றார், விழித்ததும் வாயை முகர்ந்து பார்க்கச் சொல்லி மனைவியை எழுப்பினாராம். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். பெயின்டர் மட்டும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், இல்லையென்று.

"இல்ல சிஸ்டர். குடிச்சா எனக்கு எப்பவும் இப்படித்தான் ஞாபகம் இருக்கும். துண்டு துண்டா, எடம் மாறி. இப்படித்தான் ஒம்போது வருஷமும் இருந்துச்சு. கனவுன்னு சொல்லித் தப்பிச்சுக்க மாட்டேன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. புதன்கிழமை மதியமே நான் ஒரு தடவை ஊதச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் தெரிந்திருக்கும். மூன்று நாள் கழித்து எந்த மெஷினும் அதைச் சொல்லாது. நான் ஜன்னலை விட்டு வெளியே வந்து, "தப்பு என்னுதுதான் சிஸ்டர், நான் ஒண்ணுமே கேக்கல," என்றேன். பத்தொன்பது வருடத்தில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. யாரும் என்னைக் கவனிக்கவில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். நம்புவதா வேண்டாமா என்பது அவள் கையில் இருந்தது. இதற்கு முன் இந்த மனிதரை நம்பி நம்பி நாசமானவள் அவள்தான்.

அவள் நாற்காலியைக் கொஞ்சம் திருப்பி அவருக்கு நேராக உட்கார்ந்தாள்.

"எந்திரிச்சதும் என்ன நெனச்சீங்க?"

"குடிச்சிட்டேன்னு."

"அப்புறம்?"

"எல்லாம் போச்சுன்னு. பாப்பா போயிட்டான்னு."

"அங்கேருந்து இங்க எப்படி வந்தீங்க?"

"நடந்துதான். மார்க்கெட் வழியா."

"மார்க்கெட்ல கடை இருக்கில்ல?"

"ரெண்டு இருக்கு."

"தொறந்திருந்துச்சா?"

"மூணு மணிக்குத் தொறந்துதான இருக்கும்."

"சரி. எல்லாம் போச்சு. அட்டையும் போச்சு, நாங்களும் வரப் போறதில்ல. இனி ஒரு டம்ளர் குடிச்சாலும் ஒண்ணுதான், பத்துக் குடிச்சாலும் ஒண்ணுதான். அப்புறம் ஏன் உள்ள போகல?"

பெயின்டர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். அந்தத் தெருவை மனத்துக்குள் திரும்ப நடந்து பார்ப்பது போல, ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டு வருவது போல, வெகுநேரம் யோசித்தார்.

"தோணலயே," என்றார். "நீ சனிக்கிழம வருவே, அட்டையப் பாப்பே. அதுல தப்பா ஒரு நம்பர் இருக்கக் கூடாதுன்னுதான் ஓடி வந்தேன். கடையப் பாத்தேனான்னுகூடத் தெரியல."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். வாட்ச்மேன் மூக்கைச் சிந்தினார். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதற்காக யாரையாவது திட்ட வேண்டும் போலிருந்தது, ஆள் கிடைக்கவில்லை. நூறு நாள் ஆனவர்கள், இருநூறு ஆனவர்கள், விழா மாதிரி கைதட்டி அனுப்பிவைத்தவர்கள் எத்தனையோ பேரை இந்தக் கூடத்தில் பார்த்திருக்கிறேன். எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டு, திறந்திருந்த இரண்டு கடைகளைத் தாண்டி நடந்துவந்தவரை நான் பார்த்ததில்லை. பார்த்தபோது அட்டையை வெடுக்கென்று பிடுங்கினேன்.

அவள் அவர் மடியிலிருந்த காகிதத்தை எடுத்தாள். மடிப்பு மாறாமல் நான்காக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்குக் காலைல பாப்பாவக் கூட்டிட்டு வர்றேன்," என்றாள் அவரிடம். "வீட்டக் கூட்டி வைங்க."

"நூறு ஆகலயே," என்றார் அவர்.

"எனக்கு ஆயிருச்சு."

அவருக்கு அது காதில் ஏறினதாகத் தெரியவில்லை. குழப்பம் தீராமல், உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையை நிமிர்த்தினார். சிஸ்டரைப் பார்க்கவில்லை, எங்கள் யாரையும் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்தார்.

"அப்போ நான் குடிக்கலயா?" என்று கேட்டார்.

"குடிக்கலங்க," என்றாள் அவள். "நீங்க குடிக்கல. நான் சொல்றேன்ல."